மெத்தென்று அமுங்கும் அடிக்கூடு: பழைய ஃபைபர்கிளாஸ் பாய்ப்படகைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

கொச்சியில் வாங்கி, வாளையார் வழியாக லாரியில் ஏற்றிவந்த பத்தொன்பது அடிப் பாய்ப்படகை அன்னூர் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளை முன்னால் இறக்கியபோது அக்கம்பக்கம் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். "கெணத்துல உடறதுக்குங்களா கண்ணு?" என்று பக்கத்துத் தோட்டத்து அப்பாரு கேட்டார். சிரித்துக்கொண்டே படகுக்குள் ஏறினேன். பாய்மரம் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் வலதுகால் வைத்த இடம் மெத்தென்று உள்ளே போய், காலை எடுத்ததும் மெல்ல மேலே வந்தது. சிரிப்பு அதோடு நின்றது.

அந்தப் படகைத் தூக்கி நிறுத்த மூன்று மாதம் ஆனது. அதில் ஒரு மாதம் என் அவசரத்தால் வீணாய்ப் போனது. அந்த மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் அமுங்குகிறது

ஃபைபர் என்றால் மக்காது என்று நினைக்கிறோம். கண்ணாடி இழையும், அதைப் பிணைத்து இறுகும் ரெசின் பசையும் மக்காதுதான். ஆனால் பல படகுகளில் அடிக்கூடு ஒரே கனமான ஃபைபர் தகடு கிடையாது. வெளியே ஒரு மெல்லிய தோல், உள்ளே ஒரு மெல்லிய தோல், இரண்டுக்கும் நடுவில் எடையே இல்லாத ஓர் உள்ளீடு. தேங்காய் பர்பியை இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தினதுபோல. இரண்டு தோலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்பதால்தான் மொத்தத்துக்கும் விறைப்பு வருகிறது. உள்ளீடு மக்கிப்போனால் மிஞ்சுவது ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு தகடுகள். அவை வளையும்.

பழைய படகுகளில் இந்த உள்ளீடு பெரும்பாலும் பால்சா மரம். எக்வடாரில் நிறைய விளைவது, நம்ம ஊர் இலவம்பஞ்சு மரத்துக்கு உறவுமுறை. ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 150 கிலோதான் இருக்கும். அதைச் சின்னச் சின்னக் கட்டைகளாக அறுத்து, மரத்தின் நார் தோலுக்குச் செங்குத்தாக நிற்கும்படி வலைத்துணியில் ஒட்டி வைத்திருப்பார்கள். நார் நிற்கும் திசையால் தண்ணீர் பக்கவாட்டில் சுலபமாகப் பரவாது. ஆனால் கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் உள்ள இடுக்கு ரெசின் நிரம்பாமல் விட்டுப்போயிருந்தால் அதுவே வாய்க்கால். ஒரு கட்டையில் புகுந்த தண்ணீர் மடை திறந்ததுபோல அடுத்த வரப்புக்குப் போய்விடும்.

புகும் வழி எது? ஏறக்குறைய எப்போதும் யாரோ போட்ட ஓர் ஓட்டைதான். என் படகில் முன்பு வைத்திருந்தவர் ஆழம் பார்க்கும் கருவி ஒன்றை அடியில் நான்கு ஸ்குரூ போட்டு மாட்டியிருந்தார். ஸ்குரூவைச் சுற்றிக் கொஞ்சம் சிலிகான் தடவியதோடு சரி. சிலிகான் உரிந்தது, ஸ்குரூ துரு பிடித்தது, தண்ணீர் உள்ளே போனது. பிறகு படகு பல வருஷம் கரையில் மூடாமல் கிடந்திருக்கிறது. இலையும் மண்ணும் அடைத்து, மழைத்தண்ணீர் உள்ளேயும் தேங்கியிருக்கிறது.

அமுங்குகிற இடமெல்லாம் உள்ளீடு மக்கின இடம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. உள்ளீடே இல்லாத கனத்த அடிக்கூட்டிலும் (ஹல் என்பார்கள்), உள்ளே நெடுகப் போகும் முட்டுச்சட்டம் ஹல்லோடு ஒட்டியிருந்த பட்டை விட்டுப்போனால் தகரடப்பாபோல் 'டொக் டொக்' என்று உள்ளே வெளியே போகும். அதற்கு வைத்தியம் சட்டத்தை மறுபடி ஒட்டுவதுதான், ஹல்லை அறுப்பதல்ல. வெளிப்பக்கம் கொப்புளம் இருந்து, குத்தினால் புளித்த காடி வாசத்தோடு நீர் வந்தால் அது வேறு நோய். அதற்கு இந்தக் கட்டுரை ஆகாது.

தட்டு, கேளு, கோடு போடு

பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரி காயைத் தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே காது இங்கே வேண்டும். பிளாஸ்டிக் தலை உள்ள சின்னச் சுத்தியல், அது இல்லாவிட்டால் ஐந்து ரூபாய் நாணயம். நல்ல இடத்தில் 'டக்' என்று சுத்தமான சத்தம் வரும், சுத்தி துள்ளும். ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் தட்டையாகும். மக்கின இடத்தில் ஈரச்சாக்கைத் தட்டினதுபோல 'தொப்'. உள்ளே பெட்டியோ முட்டுச்சட்டமோ இருக்கும் இடத்திலும் சத்தம் மாறும் என்பதால் முதலில் அவை எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு வீதம் போய், சத்தம் மாறும் இடத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வரைபடம் கிடைக்கும்.

தட்டினதை நம்பி அறுக்க வேண்டாம், துளை போட்டு உறுதி செய்யுங்கள். 4 மி.மீ. பிட்டில், உள்தோலும் உள்ளீடும் மட்டும் துளையும் ஆழத்தில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு, படகின் உள்பக்கமிருந்து துளையுங்கள். வெளித்தோலை எக்காரணத்துக்கும் தொடக் கூடாது. வரும் தூள் வெளிர் மஞ்சளாய்ப் பறந்தால் நல்ல மரம். பழுப்பாய்ப் பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம். எனக்கு வந்தது காப்பி வடிகட்டின சக்கைபோல இருந்தது, துளையிலிருந்து ஒரு சொட்டும் வழிந்தது. நடுவிலிருந்து வெளியே நான்கு திசையிலும் துளைத்துக்கொண்டே போய், வெளிர் தூள் வரும் இடத்தில் நிறுத்துங்கள். காலடியில் ஒரு சாண் அகலம் என்று நினைத்தது கடைசியில் மூன்றடிக்கு இரண்டடி. எப்போதும் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், பணத்தையும் நாளையும் அப்படியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போடும் ஆசை

துளை போட்டாயிற்று, அதிலேயே ரெசினைச் சிரிஞ்சில் ஏற்றினால் என்ன? இதுதான் நான் வீணாக்கின மாதம். தோல் உள்ளீட்டை விட்டுப் பிரிந்திருந்து, உள்ளே எலும்பாய்க் காய்ந்திருந்தால் ஊசி வேலை செய்யும். ஈரமும் மக்கலும் இருக்கும் இடத்தில் ரெசின் ஏறவே ஏறாது, ஏறினாலும் ஈரத்தில் பிடிக்காது. ஒன்றரை கிலோ ரெசினை ஏற்றிவிட்டு, பத்து நாள் கழித்துத் தட்டினேன். அதே தொப். கூடவே, அறுத்து எடுக்கும்போது அந்த ரெசின் கட்டிகள் உளிக்கு எதிரியாயின.

உடுமலைப்பேட்டை பக்கம் காத்தாடி ரெக்கை ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவர். நான் நீட்டின சுத்தியலை வாங்கவில்லை, விரல்முட்டியால் நாலு தட்டு தட்டினார். "இது நம்ம காத்தாடி ரெக்கையேதானுங்ணா. அதுலயும் உள்ளார பால்சாதான். அறுத்து எடுத்துட்டு புதுசு வெச்சுப் போடுங்ணா, இல்லீன்னா உட்ருங்." பல்லடம், உடுமலை காற்றாலைகளின் இறக்கை இதே கட்டுமானம்தான்: கண்ணாடி இழைத் தோல், நடுவில் பால்சாவோ பிவிசி நுரையோ. கடல் இல்லாத கொங்கு நாட்டில் படகு ரிப்பேருக்கு ஆள் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எந்தப் பக்கம் அறுப்பது, எப்படித் தாங்குவது

அடிக்கூட்டைப் பொறுத்தவரை உள்பக்கமிருந்து அறுப்பதுதான் என் தேர்வு. தண்ணீரைத் தொடும் வெளித்தோல் முழுசாக இருக்கும், படகின் வளைவும் மாறாது, உள்ளே ஒட்டு தெரிந்தாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. உள்ளே கை நுழையாத இடமாக இருந்தால் மட்டும் வெளியிலிருந்து செய்யுங்கள்.

ஒரு தோலை அறுத்து எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் தோல் துணிபோல் தொய்யும். தொய்ந்த நிலையில் புது உள்ளீடு வைத்து ஒட்டினால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும். ஆகவே அறுப்பதற்கு முன்பே படகை மட்டத்தில் நிறுத்தி, அந்த இடத்துக்கு நேர் கீழே வெளிப்பக்கம் பலகை அணைகொடுத்துத் தாங்குங்கள். ஒரே ஒரு கட்டையில் நிறுத்தினால் அந்த முனையே ஹல்லை உள்ளே அமுக்கும். நான் 6 மி.மீ. பிளைவுட்டை வளைவுக்கு ஏற்ப வளைத்து வைத்து, அடியில் மணல் மூட்டை அடுக்கினேன்.

அறுத்தல்

கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிப்பு, மூச்சில் ஏறினால் அதைவிட மோசம். முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, நல்ல தூசி மாஸ்க், ரெசின் வேலைக்குக் கரிக் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. வேலை முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், சுடுதண்ணீர் அரிப்பைக் கிளப்பும்.

மல்டி டூலோ வைர பிளேடு போட்ட சின்ன கிரைண்டரோ எடுத்து, உள்தோலின் கனத்துக்கு மட்டும் அறுக்கவேண்டும். மூலைகளை வளைவாக அறுங்கள், கூர்மூலையில் பிறகு விரிசல் தொடங்கும். தோல் ஒரே துண்டாக வந்தால் பத்திரமாக வையுங்கள், சிலர் அதையே திரும்ப ஒட்டுவார்கள். என்னுடையது ஏற்கெனவே ஓட்டை ஓட்டையாக இருந்ததால் கழித்துவிட்டேன்.

உள்ளே மக்கின பால்சாவைச் சுரண்டிதான் எடுக்கவேண்டும். அகல உளி, பட்டி பார்க்கும் தகடு. மக்கினது சாதாரணமாக வந்துவிடும். ஓரத்தில் நல்ல கட்டைதான், லேசாகப் பழுப்பேறியிருக்கிறது என்றால் இரக்கம் காட்டாதீர்கள், இன்னும் ஒரு வரிசை எடுங்கள். நான் இரண்டு இடத்தில் இரக்கம் காட்டி, அடுத்த நாள் மறுபடி அறுத்தேன்.

காயவைத்தல்

இந்தப் படிக்குக் காலம்தான் கருவி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், மண்ணையும் ரெசினில் ஒட்டவைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மாசி, பங்குனியைப் போல இந்த வேலைக்கு வேறு மாதம் கிடையாது. பகலில் வெயில், இரவில் ஃபேன், மேலே மழைக்குத் தார்ப்பாய். அவசரமென்றால் ஹீட் லாம்ப் வைக்கலாம், ஆனால் ஹல் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகவிடாதீர்கள், பழைய ரெசின் இளகும்.

காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு சதுர அடி பாலித்தீனை நான்கு பக்கமும் டேப் போட்டு இரவு ஒட்டிவையுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. ஓரத்து மரத்தை ஈரமானியால் பார்த்தால் 12 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

என்ன வாங்குவது

ரெசின் எபாக்ஸிதான். நம்ம பக்கம் கூலிங் டவர், தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறைகளில் பாலியெஸ்டர் ரெசின் கிடைக்கும், விலையும் குறைவு, ஆனால் பழைய, இறுகின ஃபைபர்மேல் அது பிடிக்கும் பிடி எபாக்ஸியின் பிடி அளவுக்கு வராது. புதுசாக வார்ப்பதற்கு அது, ஒட்டுவதற்கு இது. பாலியெஸ்டரைத்தான் பயன்படுத்துவேன் என்பவருக்கு ஒரே எச்சரிக்கை: அதை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் ஒருபோதும் கலக்காதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே மற்றொன்று.

எபாக்ஸியோடு சாப்டு மேட் (துண்டு துண்டாக வெட்டின இழைகளைப் பரப்பி ஒட்டின பாய்) வாங்காதீர்கள். அந்த மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் விறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு திசையில் இழை ஓடும், நூலால் தைத்த பையாக்ஸியல் துணி, சதுர மீட்டருக்கு 600 கிராம், வாங்குங்கள். கையால் போட்டால் ஓர் அடுக்கு ஏறத்தாழ முக்கால் மில்லி கனம் தரும். என் உள்தோல் 3 மி.மீ., ஆக நான்கு அடுக்கு. துணியின் எடைக்குச் சமமாக ரெசின் என்று கணக்கு வைத்தால் அந்த மூன்றடி, இரண்டடி இடத்துக்கும் சரிவு ஓரத்துக்கும் சேர்த்து ஒன்றரை கிலோ போதும். உள்ளீடு ஒட்ட, பட்டி போட, வீணாக, எல்லாம் சேர்த்து நான்கு கிலோ வாங்குங்கள்.

உள்ளீட்டுக்கு மூன்று வழி. பால்சாவே திரும்ப வைக்கலாம், வலு நல்லது, தண்ணீர் போனால் மறுபடி இதே கதை. மரைன் பிளைவுட் வைக்கலாம். ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள், 303 முத்திரை போட்டது வீட்டு அலமாரிக்கு. ஆனால் பால்சா ஒரு கிலோ இருந்த இடத்தில் பிளைவுட் நான்கு கிலோவுக்குமேல் போகும், 12 மி.மீ. பலகை ஹல்லின் வளைவுக்கு வளையவும் வளையாது. நான் பிவிசி நுரை வைத்தேன், காத்தாடி வேலையில் மிஞ்சின துண்டு. மக்காது. அழுத்தம் தாங்குவதில் பால்சாவுக்குக் கீழேதான், அதனால் கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்திக்குக் குறையாமல் பாருங்கள், போல்ட் போகும் இடங்களில் நுரை வேண்டாம், முழு ஃபைபர் அல்லது பிளைவுட் வையுங்கள்.

ஒட்டுதல்

முதலில் அசிட்டோன் போட்டுத் துடையுங்கள், பிறகு 60 நம்பர் உப்புத்தாள். இந்த வரிசை மாறக்கூடாது, முதலில் தேய்த்தால் மேலே இருக்கும் மெழுகும் எண்ணெயும் கீறலுக்குள் இறங்கிவிடும்.

புது உள்ளீட்டைப் பசை இல்லாமல் வெறுமனே வைத்துப் பாருங்கள், ஓரத்தில் 2, 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக 3 மி.மீ. துளை போடுங்கள், அடியில் சிக்கும் காற்று வெளியேற அதுதான் வழி. எபாக்ஸியும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் எடைத் தராசில்தான். நான் வாங்கினதில் நூறு கிராமுக்குப் பத்து கிராம், உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அது. கண்ணளவு, மூடியளவு எல்லாம் பாலியெஸ்டர்காரர் பழக்கம். எபாக்ஸியில் ஹார்டனர் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகாது, எப்போதும் பிசுபிசுத்துக் கிடக்கும்.

சித்திரை வெயிலில் மதியம் பெயின்ட் டப்பாவில் ஒரு கிலோ கலக்கி வைத்துவிட்டு, துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். டப்பா புகைந்தது, அடி உருகி ஒழுகியது. எபாக்ஸி இறுகும்போது சூடு கிளப்பும், ஆழமான பாத்திரத்தில் அந்தச் சூடு வெளியேற இடமில்லை. இருநூறு, முந்நூறு கிராமாகக் கலக்கி, அகலத் தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள். அதுவும் மாலை நான்கு மணிக்குமேல். வெப்பம் ஏறும் நேரத்தில் உள்ளீட்டுக்குள் உள்ள காற்று விரிந்து குமிழாக மேலே வரும், இறங்கும் நேரத்தில் ரெசினை உள்ளே இழுக்கும்.

ஒட்டவேண்டிய இரண்டு முகத்துக்கும் வெறும் ரெசின் ஒரு கை தடவி, பத்து நிமிஷம் விட்டு, ஏரோசில் என்ற மெல்லிய சிலிக்கா பொடி சேர்த்துக் கெட்டியாக்கின ரெசினைப் பல்லு வைத்த தகட்டால் பரப்பி, உள்ளீட்டை அசைத்து அசைத்து உட்காரவையுங்கள். ஒவ்வொரு துளையிலும் பசை எட்டிப்பார்த்தால் அடியில் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். மேலே பாலித்தீன், அதன்மேல் மணல்பைகள். உக்கடம் பழைய இரும்புக்கடையில் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் வாங்கி, காற்றை உறிஞ்சி அழுத்தும் வேக்குவம் பையும் போடலாம், முதல் தடவைக்கு மணலே போதும்.

தோல் போடுதல்

சரிவுதான் இந்த வேலையின் உயிர். அறுத்த ஓரத்துத் தோலை, அதன் கனத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு சரிவாகத் தேயுங்கள். 3 மி.மீ. தோல் என்றால் 36 மி.மீ. சரிவு. கிரைண்டரில் 40 நம்பர் டிஸ்க்கில் செய்யும்போது மரத்தில் வளையம் தெரிவதுபோல ஒவ்வொரு பழைய அடுக்கும் கோடு கோடாகத் தெரியும், அந்தக் கோடுகள் சம இடைவெளியில் வந்தால் உங்கள் சரிவு சரி. சரிவு இல்லாமல் முட்டுக்கு முட்டு ஒட்டினால் சுமை முழுவதும் ஒரே கோட்டில் விழும், அங்கேயே பிளக்கும்.

பெரிய துண்டை முதலில் போடுவதா, சின்னதையா? பட்டறைக்குப் பட்டறை சண்டை போடுவார்கள். நான் பெரியதை முதலில் போடுகிறேன். சரிவு முழுவதையும் ஒரே முழு அடுக்கு பிடித்துக்கொள்ளும், கடைசியில் மட்டமாகத் தேய்க்கும்போது தேய்வது மேலுள்ள சின்ன அடுக்கின் ஓரம்தான். துணியை வெட்டி எண் எழுதி அடுக்கி வைத்த பிறகே ரெசின் கலக்குங்கள். துணி கண்ணாடிபோல் நிறம் மாறும்வரை உருளையால் அழுத்துங்கள், வெள்ளை வெள்ளையாய்த் தெரிந்தால் காற்று. நான்கையும் ஒரே மூச்சில் போட்டு, மேலே பீல் பிளை என்ற, பிறகு உரித்து எடுக்கும் துணியை ஒட்டிவிடுங்கள், மறுநாள் உரித்தால் தேய்க்கும் வேலை பாதி மிச்சம்.

மறுநாளைக்கு விட்டுப் போடுவதென்றால், இறுகின எபாக்ஸிமேல் மெழுகுபோல ஒரு படலம் படிந்திருக்கும். அசிட்டோனுக்கு அது போகாது. தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். கழுவி, காயவிட்டு, தேய்த்து, பிறகு அடுத்த அடுக்கு.

அந்த நான்கு ஸ்குரூ ஓட்டைகள்

இவற்றை விட்டால் மேலே செய்தது எதுவும் நிற்காது. வெளிப்பக்கமிருந்து ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றிக் கிண்ணம்போலப் பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் தேய்த்து, வட்டம் வட்டமாக வெட்டின துணியை அடுக்கி மூடினேன். வெறும் பட்டியை அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் அடுத்த மழைக்கே திறந்துகொள்ளும்.

படகில் வேறு எங்கெங்கே ஸ்குரூ, போல்ட் உள்ளீட்டுக்குள் போகிறதோ அத்தனையையும் கழற்றுங்கள். 6 மி.மீ. போல்ட் என்றால் 12 மி.மீ. துளையாகப் பெரிதாக்கி, அடியில் டேப் ஒட்டி, ஏரோசில் கலந்த எபாக்ஸியால் முழுக்க நிரப்புங்கள். இறுகின பிறகு அதன் நடுவில் 6 மி.மீ. துளையுங்கள். இனி போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் கசிந்தாலும் அது தொடுவது எபாக்ஸியை, மரத்தையோ நுரையையோ அல்ல. எனக்கு இப்படி முப்பத்தொரு ஓட்டை. சலிப்பான வேலைதான், ரேடியோ போட்டுக்கொண்டு இரண்டு நாளில் முடித்தேன்.

எபாக்ஸி வெயிலில் வெளுத்துப் பொடியும், பெயின்ட் இல்லாமல் விடக்கூடாது. அதன்மேல் பாலியெஸ்டர் ஜெல் கோட் (ஃபைபர் படகின் பளபளப்பான வெளிப்பூச்சு) சரியாகப் பிடிக்காது. எபாக்ஸி பிரைமர், மேலே இரண்டு பாகமாக வரும் பாலியூரித்தேன் பெயின்ட். வெளியே மேடு பள்ளம் இருந்தால் மைக்ரோபலூன் (உள்ளே வெற்றிடமான நுண்ணிய உருண்டைகளின் பொடி) கலந்த பட்டி போட்டு நீளப் பலகையில் தேயுங்கள். அந்தப் பட்டி மேல்பூச்சுக்குத்தான், வலு தேவைப்படும் இடத்தில் வைக்காதீர்கள்.

முழு பலம் வர ஒரு வாரம் விட்டு, அணைகளை எடுத்தேன். அதே இடத்தில் ஏறி நின்றேன், குதித்தேன். அசையவில்லை. சுத்தியலை எடுத்து ஓரம் முழுக்க ஒரு சுற்றுத் தட்டினேன், ஒரே ஓர் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, சத்தம் கொஞ்சம் தட்டையாக இருந்தது. காய்ந்த இடத்தில் ஒட்டு மட்டும் விட்டிருந்தது. அங்கே இரண்டு துளை போட்டு ஊசியே போட்டேன், இந்தத் தடவை பிடித்தது.

அப்பாரு வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங், தண்ணி உள்ளார போவாதுங்களா இனி?" என்றார். மூக்கு உயரும்படி கட்டை கொடுத்து, அடியில் உள்ள வடிகால் அடைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நடுவில் மூங்கில் நட்டுக் கூரைபோலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டே, போகாதுங்க அப்பாரு என்றேன்.